ரெஜினா வீட்டு இரண்டாம் சாவி

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் சாயங்காலத்தில் வந்து படுத்துக்கொள்ளும் சந்துகளில் ஒன்றுக்குச் சாவிக்காரர் சந்து என்று பெயர். அந்தச் சந்தில் பதினாறு வீடுகள் இருந்தன, பதினாறு வீட்டுக் கதவிலும் தேங்காய் அளவில் ஒரு பூட்டு இருந்தது, ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவிகள் இருந்தன, முதல் சாவி வீட்டுக்காரரின் இடுப்பில் இருந்தது, இரண்டாம் சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்கியது. சாவி தொலைந்தால் எதிர்வீட்டில் போய் வாங்கிக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்கு இரண்டாம் சாவியைக் கொடுக்காமல் இருப்பது, உங்களை நான் நம்பவில்லை என்று தட்டி போர்டு எழுதி வாசலில் வைப்பதற்குச் சமம். வத்தலக்குண்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ரெஜினா, வந்த மூன்றாம் நாளே தன் இரண்டாம் சாவியை எதிர்வீட்டு வேலம்மாளிடம் கொடுத்தாள். வேலம்மாள் அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "சக்கரை கம்மியா, தூக்கலா?" என்று கேட்டுக் காப்பி போட்டாள். அதற்குப் பதினான்கு வருடங்களுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை காலையில், கேபிள்காரர் தவசி ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து ரெஜினா வீட்டு ஃப்ரிட்ஜின் தலையில் வைத்தார்.

பெட்டிக்கு இரண்டு கொம்புகள். ஒரு பச்சை விளக்கு. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர்.

"வைஃபை வந்துருச்சுக்கா" என்றார் தவசி.

"பாஸ்வேர்டு?"

"அது அப்புறம் நிதானமாப் போட்டுக்கலாம்க்கா. இப்பத் தொறந்தே இருக்கட்டும். காத்தோட்டமா இருக்கும்."

ரெஜினாவுக்கு அந்தப் பெட்டி எதற்கு என்றால், பன்னிரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு ஒரு தேர்வு இருந்தது. ஒன்பது வருடமாக ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகக் கணக்கு டீச்சராக இருந்தவள், ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருடமாவது நிரந்தரம் ஆகுமா என்று கேட்டு, பார்க்கலாம் டீச்சர் என்ற பதிலோடு திரும்பி வந்தவள், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். தேர்வையும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் இன்னொரு ஆளின் முழங்கை தெரிந்தாலும் தேர்வு ரத்து. மறுபடி எழுத ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மற்ற விதிகளை ஒரு முறை படித்த ரெஜினா, அந்த விதியை மட்டும் மூன்று முறை படித்தாள்.

தவசி போன கால் மணி நேரத்தில் வேலம்மாள் வந்தாள். கதவு வழியாக வரவில்லை. தன் வீட்டு அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், போனில் புதிதாக ஒரு பெயர் தெரிகிறதே என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள், அடுத்த நிமிடம் அரிவாள்மனையோடும் பாதி பீன்ஸோடும் ரெஜினா வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள்.

"இது உன் வீடுல்ல?" என்றாள் வேலம்மாள், சுற்றிலும் பார்த்து.

"ஆமாக்கா."

"ஃபேன அஞ்சுல வையி." மீதி பீன்ஸை நறுக்கத் தொடங்கினாள்.

அன்று மத்தியானத்துக்குள் நான்கு பேர் வந்தார்கள், சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர் வந்தார்கள், மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். ரெஜினா வீட்டு வைஃபையைத் தொட்டவர்கள் எல்லோரும், எங்கே எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே அவள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். போனில் வைஃபையை அணைத்தால் புறப்பட்ட இடத்துக்கே போய்விடலாம். இது தெரிந்த பிறகு சந்து அதற்கேற்ப நடக்கப் பழகிக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வைஃபை போட வேண்டும் என்று ரெஜினா சொன்னாள், எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் நாற்காலி வராமல் தாங்கள் மட்டும் வந்து தரையில் தொப்பென்று விழுந்ததால், முன்கூட்டியே தரையில் உட்கார்ந்து பழகினார்கள். பாய் விரித்துக்கொண்டு வருவது நல்லதா, வந்த பிறகு விரிப்பது நல்லதா என்று இரண்டு கட்சிகள் உண்டாயின. ஒருமுறை தொட்ட பெயரைப் போன் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. பதினோராம் நம்பர் வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் சீனிவாசகம், போனைக் குளியலறை ஜன்னலில் வைத்துவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தவர், இடுப்புத் துண்டும் தலை நிறைய சோப்புமாக ஹாலின் நடுவில் வந்து நின்றார்.

"மன்னிக்கணும்மா ரெஜினா. ஒரு சொம்புத் தண்ணி கிடைக்குமா?"

அவரைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டு ரெஜினா தவசிக்குப் போன் செய்தாள்.

"தவசிண்ணே, வீடு நிறைய ஆளுக."

"பாஸ்வேர்டு போடலேல்லக்கா? அப்ப அப்படித்தான் இருக்கும்" என்றார் தவசி. அவர் குரலில் ஆச்சரியமே இல்லை. "நீளமாப் போடுங்க. பேரு, பொறந்த நாளு, போன் நம்பரு இதெல்லாம் வேண்டாம். வேற வேற வார்த்தையா நாலஞ்சு சேத்துப் போடுங்க. போட்டதும் எல்லாரும் போயிருவாங்க."

ரெஜினா வியாழக்கிழமை காலையில் போட்டாள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வார்த்தைகள், நடுவில் ஒரு எண், மொத்தம் இருபத்திரண்டு எழுத்து. சேமி என்ற பொத்தானைத் தொட்டதும் ஹால் காலியானது. ஒரு பாய் மட்டும் கிடந்தது, நான்கு பீன்ஸ் காம்புகள் கிடந்தன. ரெஜினா வீட்டைப் பெருக்கி, ஜன்னலைச் சாத்தி, கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து, பின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். சரியாக வந்தது.

அதன் பிறகு அவள் செய்ததை, அந்தச் சந்தில் வாழ்க்கைப்பட்ட எவளும் செய்திருப்பாள் என்றுதான் அவள் நினைத்தாள். புதுப் பூட்டுப் போட்டாயிற்று, இரண்டாம் சாவி எதிர்வீட்டுக்குப் போக வேண்டும் அல்லவா? ஒரு துண்டுக் காகிதத்தில் அந்த இருபத்திரண்டு எழுத்தையும் தெளிவாக எழுதிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

வேலம்மாள் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், தூரத்தில் வைத்துப் பார்த்தாள். "என்னடி, கூட்ஸு வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கு" என்றாள். ஆனால் மரியாதையாக வாங்கி, ரெஜினா வீட்டு இரும்புச் சாவி தொங்கும் அதே ஆணியில் குத்தி வைத்தாள். ஆணி இருப்பது வாசலுக்கு நேர் எதிரில். பேச வந்தவர்கள் படித்தார்கள், மாவு வாங்க வந்தவர்கள் படித்தார்கள், சீனிவாசகம் படித்ததோடு நிற்காமல் தன் டைரியில் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினோரு பேரும் திரும்ப வந்து, அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"நாலு நாளாக் காணோமேன்னு இருந்துச்சு" என்று வேலம்மாள் சுவரில் சாய்ந்தாள்.

"ஒரு நாள்தான்க்கா ஆச்சு."

"அப்படியா? ரொம்ப நாள் மாதிரி இருந்துச்சுடி."

ரெஜினாவின் கணவர் சேசுராஜ் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்ப்பவர். எந்தச் சிக்கலுக்கும் ஒரு யோசனை வைத்திருப்பார், அந்த யோசனையால் வரும் சிக்கலுக்கு வேறு ஒரு யோசனை வைத்திருப்பார். பூட்டை மாற்றுவதைவிடப் பெயரை மறைத்துவிடலாம் என்றார் அவர். "பேரு தெரிஞ்சாத்தானே தொடுவாங்க? பேரையே காட்டாம வச்சுட்டா?" அடுத்த திங்கட்கிழமை காலையில் பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய்ப் பெயரை மறைத்துவிட்டு, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பெயர் மறைந்ததும் வீடும் மறைந்தது. பத்து மணிக்குக் கேஸ் சிலிண்டர் வந்தது. ஏழாம் நம்பர் வீட்டுக்கும் ஒன்பதாம் நம்பர் வீட்டுக்கும் நடுவில் சுவரோடு சுவர் ஒட்டியிருந்தது. ரெஜினா வீடான எட்டாம் நம்பரைத் தேடித் தேடிப் பார்த்த சிலிண்டர்காரர், வீட்டில் ஆள் இல்லை என்று எழுதிக்கொள்வதா, வீடே இல்லை என்று எழுதிக்கொள்வதா என்று தெரியாமல் திரும்பிப் போனார்.

ஆனால் பெயரை முன்பே தெரிந்துவைத்திருந்த பதினோரு பேரும் வழக்கம்போல் வந்தார்கள். மறைத்து வைத்தால் தெரியாதவர்களுக்குத்தான் தெரியாமல் போகும், தெரிந்தவர்களுக்கு அது எப்போதும்போல் தெரியும். இதை ரெஜினா பின்னக் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசித்துப் புரிந்துகொண்டபோது சாயங்காலமாகிவிட்டது, கணவரிடமிருந்து போன் வந்தது. வேலம்மாள் வீட்டு லேண்ட்லைனிலிருந்து பேசினார்.

"ரெஜினா, நம்ம வீடு எங்க?"

"நீங்கதானே மறைச்சீங்க? வைஃபையப் போட்டு உள்ள வாங்க."

"போன்ல சார்ஜ் இல்ல."

போனைக் கால் மணி நேரம் அங்கேயே சார்ஜ் போட்ட பிறகு, வேலம்மாள் வீட்டில் போட்டுக் கொடுத்த காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே சேசுராஜ் ஹாலில் வந்து விழுந்தார். காப்பி மட்டும் சிந்தவில்லை. போய்ப் பெயரைத் திரும்பக் காட்டிவிட்டு வந்தார். வெளியே ஏழாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் நகர்ந்து வழிவிடும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை சீனிவாசகம் பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தார். எதையும் பின்பக்கம் திருப்பிப் படித்துப் பார்ப்பது தாலுகா அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்த பழக்கம். நிர்வாகியின் பெயர் அட்மின் என்றும், நிர்வாகியின் கடவுச்சொல்லும் அட்மின்தான் என்றும் அதில் அச்சடித்திருந்தது. வீட்டு வைஃபைக்கு இருபத்திரண்டு எழுத்தில் பூட்டுப் போட்ட ரெஜினா, பெட்டியின் சொந்தப் பூட்டைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டிருந்தாள். சீனிவாசகம் இரண்டு இடத்திலும் அட்மின் என்று அடித்தார். அந்த நிமிடத்திலிருந்து அவர் அந்த வீட்டுக்குத் தலைவரானார்.

வாசல் பலகையில் சேசுராஜ் இல்லம் என்று இருந்தது, சீனிவாசகம் இல்லம் என்று மாறியது. ஃபேன் அவர் பக்கம் மட்டும் திரும்பி ஓடியது. ஃப்ரிட்ஜ் அவர் கனைத்தால் திறந்தது. காலையில் சேசுராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, "சார், ஆபீசுக்குப் போயிட்டு வரவா?" என்று கேட்டுவிட்டு, ஏன் கேட்டோம் என்று தெரியாமல் நின்றார். புளிக்குழம்பு வைக்க நினைத்து ரெஜினா அடுப்பைப் பற்றவைத்தால் அது பற்றவில்லை. "இன்னிக்கு ரசம் போதுமேம்மா" என்று ஹாலிலிருந்து குரல் வந்த பிறகுதான் பற்றியது. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஹாலில் வரிசை முறையைக் கொண்டுவந்தார், டோக்கன் கொடுத்தார், ஜன்னலோரம் மூத்த குடிமக்களுக்கு என்று எழுதி ஒட்டினார். "இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்று சிலர் சொன்னதும் ரெஜினா காதில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு ரெஜினா கரண்டியோடு சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுத்த கணம் கரண்டியோடு சந்தில் நின்றுகொண்டிருந்தாள். கதவைத் தட்டினாள். ஜன்னலில் சீனிவாசகம் தெரிந்தார்.

"அடடா, நீதானாம்மா அது? பட்டியலில் எழுத்தும் எண்ணுமா ஏதோ ஒரு பேர் இருந்தது. யாரோ வெளியாள்னு நீக்கிட்டேன்."

"சார், அது என் போன் சார். திரும்பச் சேருங்க."

"சேர்க்கலாம். அதற்கு எங்கே அழுத்தணும்னு பார்த்துச் சொல்றேன். ஒரு மனு எழுதிக் கொடுத்துட்டீன்னா நல்லது."

ரெஜினா தன் வீட்டு வாசலில், தன் வீட்டுக் கரண்டியோடு நின்றாள். நாளைக்குப் பத்து மணிக்குத் தேர்வு. உள்ளே பத்துப் பேர், வெளியே அவள். சாம்பார் கரண்டியிலிருந்து சொட்டியது. அவள் திரும்பி எதிர்வீட்டுக்குப் போனாள், உட்கார்ந்தாள், அழுதாள். அந்த நேரம் போனை அணைத்துச் சார்ஜில் போட்டிருந்ததால் வேலம்மாள் தன் வீட்டிலேயே இருந்தாள்.

"எல்லாம் அந்தக் காயிதத்தால வந்ததுக்கா. இரண்டாஞ்சாவி எதிர்வீட்டுக்குத்தானேன்னு கொண்டாந்து குடுத்தேன்."

வேலம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏண்டி, இரண்டாஞ்சாவின்னா எந்தச் சாவி?"

"வீட்டுச் சாவி."

"வாசக்கதவுச் சாவிடி. வாசக்கதவு! பதினாறு வீட்டுலயும் அதைத்தான் குடுப்போம். பீரோச் சாவிய எவளாவது எதிர்வீட்டு ஆணியில மாட்டுவாளா? நீ என்னன்னா பீரோவு, பெட்டி, அஞ்சறைப்பெட்டி எல்லாத்துக்கும் சேத்து ஒரே சாவியாப் போட்டு, அதையும் காயிதத்துல எழுதிக் கொண்டாந்து குடுக்கற."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ மரியாதையாக் குடுத்த, நான் மரியாதையா வாங்கிக்கிட்டேன். குடுக்கறத வேண்டாம்னு சொல்ல நான் என்ன தெரியாத ஆளா?" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டு ஃபேனு நல்லாவும் இருந்துச்சு" என்றாள்.

அப்படியே எழுந்து போய், காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். காகிதத்துக்கு அடியில் அதே ஆணியில், பதினான்கு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த இரும்புச் சாவியைக் கழற்றி ரெஜினாவின் கையில் வைத்தாள்.

"இதுக்கு அட்மினும் தெரியாது, கிட்மினும் தெரியாது. போய்த் தொற."

சாவி நுழைந்தது, திரும்பியது, கதவு திறந்தது. ஹாலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சீனிவாசகம், "மனு?" என்று கையை நீட்டினார். ரெஜினா நேரே ஃப்ரிட்ஜுக்குப் போய், சேலைத் தோளிலிருந்து சேஃப்டி பின்னைக் கழற்றி, பெட்டியின் முதுகில் இருக்கும் பொடித் துளைக்குள் விட்டு அழுத்தி, பள்ளிக்கூடத்தில் எண்ணச் சொல்லித் தரும் அதே நிதானத்தோடு ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்ணினாள். பதினைந்தில் பச்சை விளக்கு அணைந்தது. ஹால் காலியானது. டோக்கன்கள் மட்டும் காற்றில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் தரையில் இறங்கின. வாசல் பலகை சேசுராஜ் இல்லம் என்று ஆனது. பெட்டி தன் பழைய பெயர், பழைய பூட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டதால், யாருடைய போனுக்கும் அந்த வீட்டுக்கு வழி தெரியவில்லை.

ரெஜினா உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். முதலில் பெட்டியின் சொந்தப் பூட்டை மாற்றினாள், அட்மின் என்ற சொல்லே அதில் இல்லாமல். அடுத்து வீட்டுக்கு ஒரு பெயரும், அந்தப் பெயருக்கு ஒரு நீளமான பாஸ்வேர்டும் வைத்தாள். அதைச் சேசுராஜுக்கு மட்டும் காதில் சொன்னாள், எழுதவில்லை. கடைசியாக, இத்தனை நாளும் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஒரு கட்டத்தைத் திறந்தாள். விருந்தினர் வைஃபை என்று இருந்தது. அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, உள்வீட்டோடு தொடர்பு இல்லை என்று ஒரு டிக். அது மொட்டை மாடியில் போய் முடிந்தது. அந்தப் பாஸ்வேர்டை ஒரு காகிதத்தில் எழுதி, இரும்புச் சாவியில் கட்டி, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வேலம்மாள் அதைக் கையில் எடை போட்டுப் பார்த்தாள். "வாசக்கதவுதானே?"

"வாசக்கதவுதான்க்கா. மாடிக்கு வரும்."

"இப்பத்தாண்டி நீ இந்தச் சந்துக்காரி" என்று ஆணியில் மாட்டினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேமரா விழித்தது. அறையை ஒரு சுற்றுக் காட்டச் சொன்னது ஒரு குரல். ரெஜினா காட்டினாள். மேஜை, நாற்காலி, அவள், அவ்வளவுதான். பதினோரு நாளாக ஆட்கள் சாய்ந்து சாய்ந்து சுவரில் பதினோரு தலைகளின் எண்ணெய்க் கறை மட்டும் வரிசையாக இருந்தது. அந்தக் குரல் சற்றுத் தயங்கியது, பிறகு தொடங்கலாம் என்றது.

ரெஜினா எழுதினாள். முதல் அரை மணி நேரம், மாடியில் கால் சத்தம் கேட்கும், பாய் விரிக்கும் சத்தம் கேட்கும், கரண்டி விழும் என்று ஒரு காதை மேலேயே வைத்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. மாடியில் மட்டுமல்ல, சந்திலும் இல்லை. சனிக்கிழமை பத்தரைக்கு வரும் உப்பு ஆட்டோவின் மைக் இல்லை, பழைய இரும்புக்காரர் இல்லை, நாய்கூட இல்லை. பிறகு அவள் காதை இறக்கிக் கணக்கில் வைத்தாள், பின்னங்கள் ஒவ்வொன்றாகத் தாங்களே சுருங்கிக்கொண்டன.

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு முடிந்ததும் மாடிக்கு ஓடிப் பார்த்தாள். யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தாள். சந்தின் இரண்டு முனையிலும் பதினோரு பேர், சேசுராஜோடு பன்னிரண்டு பேர், தங்கள் சொந்தக் கால்களால் நடந்து வந்து நின்றுகொண்டிருந்தார்கள். சீனிவாசகம் உப்பு ஆட்டோவின் முன்னால் கையை விரித்து நின்று, அதன் மைக்கைத் தன் மேல்துண்டால் கட்டிப்போட்டு, இந்தச் சந்தில் பன்னிரண்டு மணி வரை ஏன் உப்பு விற்கக் கூடாது என்பதற்கான காரணங்களை ஒன்று, இரண்டு என்று கிசுகிசுப்பாக எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் ஏழாவது காரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுருச்சு!" என்று ரெஜினா மேலிருந்து கத்தினாள்.

"எல்லாம் எழுதிட்டியா?" வேலம்மாள் கீழிருந்து கத்தினாள்.

"எழுதிட்டேன்!"

உப்பு ஆட்டோவின் மைக் அவிழ்ந்தது.

திங்கட்கிழமை முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. வேலை நிரந்தரம். இப்போது தினமும் காலையில் ரெஜினா தன் காலியான ஹாலில் உட்கார்ந்து, எங்கேயோ இருக்கும் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருகிறாள். மாடியில் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு பதினோரு பேர் கூடுகிறார்கள், டோக்கன் உண்டு. உள்வீட்டுப் பாஸ்வேர்டு ரெஜினாவுக்கும் சேசுராஜுக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, கதையைச் சொன்னவர்கள் இதில் எழுதவும் இல்லை.

அடுத்த மாதம் வேலம்மாள் வீட்டுக்கும் தவசி ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அன்று மத்தியானமே வேலம்மாள் சந்தைக் கடந்து வந்து கதவைத் தட்டி, ஒரு துண்டுக் காகிதத்தை ரெஜினாவின் கையில் வைத்தாள்.

"இரண்டாஞ்சாவி. நாங்களும் முறை தெரிஞ்சவங்கதான்."

வாங்கியதைச் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதானே மரியாதை? ரெஜினா தரையில் உட்கார்ந்து, போனில் அந்தப் பெயரைத் தொட்டு, காகிதத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தாள். அடுத்த நிமிடம் வேலம்மாள் வீட்டு மொட்டை மாடியில், கொதிக்கும் வெயிலில், மூன்று வேட்டி நிறையப் பிழிந்து காயப்போட்ட கூழ் வடகத்துக்கு நட்டநடுவில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கைப்பிடிச் சுவரில் ஒன்பது காக்கைகள். கால் வைக்க ஒரு அடி இடமில்லை.

கீழே சந்திலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது.

"வந்துட்டியா ரெஜினா? வந்ததுதான் வந்த, காயற வரைக்கும் காக்காயப் பாத்துக்க!"